பிளாஸ்டிக் பையில் வந்த சடை

அந்த வருஷம் நான் மெட்ராஸிலிருந்து ஊருக்கு வந்தபோது தலை தனியாகவும் சடை தனியாகவும் வந்தன. தலை வழக்கம்போலக் கழுத்தின்மேல் இருந்தது. சடை ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில், இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு, மாற்றுத்துணிக்கு அடியில் படுத்திருந்தது.

புரட்சி எல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீர்க் கஷ்டம், அவ்வளவுதான். நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் தண்ணீர். அதில் குளித்து, துணி அலசி, மிச்சத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியையும் அலச வேண்டும். எப்படி அலசினாலும் பாதி நுரை தலையிலேயே தங்கிவிடும். அப்படியே பின்னிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். மத்தியானத்துக்குள் தலை நாற ஆரம்பித்துவிடும். பக்கத்து மிஷின் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைப் பியூட்டி பார்லருக்குக் கூட்டிப்போனாள். கத்தரியைப் பிடித்த பெண் நிச்சயந்தானா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். அறுந்து வந்த சடையை அவள் என் மடியில் வைத்தபோது திக்கென்றது. ஆனால் வெளியே வந்து பிடரியில் காற்றுப் பட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று அப்போது டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கதவு மெட்ராஸ் பஸ்ஸின் கதவு. எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பெண்களாகப் பார்த்து எடுத்தன. நான் வெளிநாட்டுக்காரர்களின் சட்டைகளுக்குக் காலர் தைத்தேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, கழுத்தளவு மட்டும் மனப்பாடம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலர் முனையைக் குச்சியால் தள்ளி நிமிர்த்தும்போது கூர்மையாக எழுந்து நிற்குமே, அதில் ஒரு கர்வம் இருந்தது.

எங்கள் ஊர் ஆந்திராவில் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில், மெட்ராஸ் ரோட்டிலிருந்து இறங்கி நடக்கிற தூரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் தெலுங்கு, சண்டையில் இரண்டும். அப்பாவை நைனா என்போம். அவரைப் பெற்றவருக்கு ஒரு முழம் நிலம்கூடச் சொந்தமில்லை, காலம் முழுக்கக் கூலி வேலை. நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. நிலம் வந்த பிறகுதான் வீட்டுக்கு மானம் வந்தது என்பது அவர் கட்சி. அதனால் அந்த மானத்தையும் கடலைக் கொல்லையைப்போலவே காவல் காத்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே துப்பட்டாவைத் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே இறுக்கிக் கொண்டேன். எங்கள் தெருவில் பட்டப்பகலில் தலையை அப்படிக் கட்டிக்கொள்பவர்களுக்கு ஒரே ஒரு காரணந்தான் இருக்க முடியும். எதிர் வீட்டு அத்தை அதைச் சொல்லியே கூப்பிட்டார், பல் வலியா என்று. அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. எல்லாருக்கும் அத்தை. தெருவில் யார் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், யார் விளக்கு வைத்த பிறகு வாசலில் நிற்கலாம் என்பதையெல்லாம் யாரும் கேட்காமலே கவனித்துக்கொண்டவர். ஆமாம் அத்தை, பல் வலி என்றேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள். தலைவலி என்று சொல்லியிருந்தால் போய்ப் படு என்று விட்டிருப்பார். பல் வலி என்றதும் உள்ளே போய்க் கிராம்பு எடுத்துவந்து, வாயைத் திற, எந்தப் பல் என்றார்.

தாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாது. முடிச்சை அவரே அவிழ்த்தார். துப்பட்டா தோளில் விழுந்தது. என் வாய் திறந்தபடி, அவர் வாயும் திறந்தபடி, நடுவில் ஒரு கிராம்பு.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சிலர் தண்ணீர் கேட்பதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தண்ணீரைக் குடிக்கக்கூட மறந்துவிட்டாள்.

முடி விஷயத்தில் எங்கள் ஊர்ச் சட்டம் விசித்திரமானது. முழு மொட்டை அடித்தால் பக்தி. ஆணோ பெண்ணோ, திருப்பதி மலைக்குப் போய் மொட்டையோடு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இடுப்புவரை வளர்த்தால் லட்சணம். இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் திமிர். டிவியில் இங்கிலீஷ் செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு என்னைவிடக் குட்டையான முடி. அவளை எங்கள் தெருவே வாய் பிளந்து பார்க்கும். அவள் டிவியில் இருந்தாள், குழாயடியில் இல்லை. அதனால் தப்பித்தாள்.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வேளைப் பட்டினியோடு முடிந்திருக்கும். அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னார், அம்மா இல்லாதபோது எருமையிடம் சொன்னார். மூன்றாம் நாள் தீர்ப்பும் எருமையிடந்தான் வந்தது. அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, இடுப்புவரைக்கும் முடி வளரும் வரை மெட்ராஸும் இல்லை, வேலையும் இல்லை என்றார். எருமை தலையை ஆட்டியது. எனக்கு அதன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்குப் பத்து நாள்தான் லீவு. திங்கட்கிழமை காலை மிஷினில் ஆள் இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே நிற்கிற பெண்களில் ஒருத்தியை உட்காரவைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார். பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, காதிலிருந்து இடுப்புவரை அளந்து, மாதத்துக்கு அரை இஞ்ச் என்று வகுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா டேப்பைப் பார்க்கவேயில்லை, எண்ணெயை நன்றாக வைத்தால் சீக்கிரம் வளரும் என்றாள். அன்றிலிருந்து வேளைக்கொரு தரம் எண்ணெய். தலையணை பஜ்ஜி மாதிரி ஆனது. முடி இருந்த இடத்திலேயே இருந்தது.

அம்மாவும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். குழாயடியில் யாரோ வாயைக் கிளறியபோது, அது ஃபேஷன் இல்லை, மலைக்கு முடி காணிக்கை கொடுத்தாள் என்று சொல்லிவிட்டாள். வேறு ஊராக இருந்தால் இந்தப் பொய் ஓடியிருக்கும். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியும். வீட்டுக்கு ஒருவராவது அங்கே மொட்டை அடித்தவர். அத்தை விசாரணைக்கு வந்தார். பெண்கள் ஒன்று முழு மொட்டை கொடுப்பார்கள், இல்லை நுனியில் மூன்று கத்தரி வெட்டு மட்டும் கொடுப்பார்கள். இது எந்தக் கணக்கு என்றார். எந்த நாவிதர் இப்படிக் காதோடு சமமாக, ஓரத்தைச் சீவிச் சுருட்டிவிட்டார் என்று என் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். அம்மா எதற்கும் அசையவில்லை. அப்புறம் அத்தை கையை நீட்டினார்.

"லட்டு எங்க?"

அம்மா இதை யோசிக்கவே இல்லை. மலைக்குப் போய்விட்டு லட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு திரும்பியதில்லை. ஒரு லட்டை இருபது துண்டாக்கியாவது தெருவுக்குக் கொடுத்தாக வேண்டும். அம்மா தடுமாறி, ஹாஸ்டல் பெண்கள் தின்றுவிட்டார்கள் என்றாள்.

அதோடு விஷயம் கைமீறிப் போனது. முடியை வெட்டியதையாவது வயசுக் கோளாறு என்று மன்னிக்கத் தயாராக இருந்தவர்கள் இருந்தார்கள். பெருமாள் பிரசாதத்தை முன்பின் தெரியாத மெட்ராஸ் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறந்த தெருவுக்கு வெறுங்கையோடு வந்தவளை யார் மன்னிப்பது? தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி முடிக்காக என்னோடு பேசவில்லை, இன்னொரு கட்சி லட்டுக்காகப் பேசவில்லை. லட்டுக் கட்சிதான் பெரியது. செய்யாத குற்றத்துக்காகத்தான் அதிகம் திட்டு வாங்கினேன் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தை ஒரு பரிகாரமும் சொன்னார். வருகிற சனிக்கிழமை மலைக்குப் போய் மிச்சத்தையும் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். குறை முடியால் வந்த அவமானம் முடியே இல்லாமல் போனால் தீர்ந்துவிடும், லட்டும் வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் கொஞ்சம் ஆடிப்போனேன். ஆனால் பூஜ்யத்திலிருந்து இடுப்புவரை கணக்குப் போட்டால் வருஷம் இன்னும் கூடியது. மாட்டேன் என்றேன்.

இதற்கு நடுவில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வந்துவிட்டது. உண்மையில் நான் லீவு போட்டதே அதற்காகத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாத்திரையின்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷம். மற்ற நாளில் செய்தால் ஊரைவிட்டே தள்ளிவைக்கிற காரியங்களை அம்மனுக்காக அப்போது செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு, பூவும் வளையலுமாக வீதியில் நடப்பார்கள். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவதற்கென்றே நாள் உண்டு, அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டு, பிழைக்கமாட்டேன் என்று ஆனபோது, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் கால் ஓயும்வரை வருஷா வருஷம் பெண் வேஷம் கட்டுகிறேன் என்று நைனா வேண்டிக்கொண்டாராம். நான் எழுந்து உட்கார்ந்தேன். அதிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் தவறவிட்டதில்லை.

அந்த வருஷம் இரண்டு சிக்கல். போன வருஷ ரவிக்கை அவரை இறுக்கிப் பிடித்தது. வெளிநாட்டுக் காலர் தைத்த கையால் நான் அதன் பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன். இரண்டாவது சிக்கல் பெரியது. அவருடைய நைலான் டோப்பாவில் எலி குட்டி போட்டிருந்தது. டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் அசையாமல் நின்றார். சடை இல்லாத பெண் வேஷமா? அம்மனுக்குச் செய்கிற வேண்டுதலில் குறை வைக்கலாமா?

அம்மா உள்ளே போய் என் பையைக் கிளறி, அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நைனா பையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடைசியில் அம்மாவிடம், அது எத்தனை நீளம் என்று அவளைக் கேள் என்றார். இரண்டு அடிக்கு மேலே என்று நான் எருமையிடம் சொன்னேன். எனக்கும் ரோஷம் உண்டு.

அவரை முக்காலியில் உட்காரவைத்து நான்தான் சடையை மாட்டினேன். குட்டை முடியில் அவ்வளவு கனத்தை நிற்கவைப்பது லேசான வேலையில்லை. ஹேர்பின்னைக் குத்தி, கறுப்பு நாடாவால் இழுத்துக் கட்டி, நுனியில் குஞ்சலம் வைத்து, மேலே இரண்டு முழம் கனகாம்பரம் சுற்றினேன். வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன். "நோவுதுமே," என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மீசையை மட்டும் எடுக்கவில்லை. அம்மன் அதைக் கேட்கவில்லை என்பார்.

அம்மா, அத்தை, நான், புடவையில் நைனா, நான்கு பேரும் பஸ் ஏறினோம். நைனா லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தார், யாரும் எழுப்பவில்லை. ஒரு பாட்டி நகர்ந்து இடங்கூடக் கொடுத்தாள். வழியெல்லாம் பார்த்தவர்கள் அவரைக் கும்பிட்டார்கள், பக்கத்தில் இருந்த என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தச் சடை என் தலையில் முளைத்தது. அது இல்லாததால் நான் கெட்டவள், அது இருந்ததால் அவர் புண்ணியவான். பஸ்ஸில் உட்கார்ந்தபடி இதை யோசித்து யோசித்து எனக்கு முதலில் ஆத்திரமும் பிறகு அடக்க முடியாத சிரிப்பும் வந்தன. அத்தை என் தொடையில் கிள்ளினார்.

அதே அத்தை கோயில் வீதியில் கூட்டத்துக்குள் நுழைந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தார். சின்ன வயதில் நான் ஒரு முறை மயிரு என்று சொன்னதற்கு வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று மிரட்டியவர். அன்று அவர் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று மாறி மாறி எடுத்துவிட்ட வார்த்தைகளில் பாதி நான் அதுவரை கேட்டதே இல்லை. முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நைனாவின் கொசுவத்தைச் சரிசெய்து, மகாலட்சுமி மாதிரி இருப்பதாகப் பாராட்டினார்.

கூட்டத்தில் தள்ளுமுள்ளு. நான் நைனாவின் சடை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், தொலைந்துவிடாமல் இருக்க அதுதான் வசதியாக இருந்தது. அப்போது ஒரு கிழவி என்னை நிறுத்தினாள். தெலுங்குக்காரி, கையில் குங்குமத் தட்டு. என் குட்டை முடியைப் பார்த்தாள், சுடிதாரைப் பார்த்தாள், வளையலையும் பொட்டையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. ஏன் தம்பி, சின்ன வயசில் எவ்வளவு பொருத்தமாக வேஷம் கட்டியிருக்கிறாய், அசல் பெண்பிள்ளைதான் போ என்று சொல்லி, நெற்றி நிறையக் குங்குமம் அப்பினாள். அவள் கணக்கில் நான் பெண் வேஷம் கட்டிய பையன்.

நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டாள். பேத்தி பத்தாவது முடித்திருக்கிறாளாம். பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டுமாம். அம்மன் வேஷம் கட்டியவன் வாழ்த்தினால் பலிக்கும், ஒரு வார்த்தை சொல் என்றாள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பிப் பார்த்தேன். சடை இழுபட்டதால் நைனா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையைச் சொல்லி என் மானத்தை வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அத்தை ஒரு கணந்தான் யோசித்தார். பிறகு கிழவியிடம், "மா இன்ட்டி பிட்டே. மொக்கு," என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளைதான், வேண்டுதல் என்று அர்த்தம். நான் கிழவியின் தலையில் கையை வைத்தேன். அவள் பேத்திக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன். என் வேலையையும் கூடவே சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை கதையை மாற்றி அமைத்துக்கொண்டே வந்தார். முதலில் ஒரு கிழவி காலில் விழுந்தாள். புத்தூர் ரோடு திரும்பும்போது மூன்று பேர் ஆனார்கள். அம்மன் நினைக்காமலா இவளுக்கு முடியை வெட்டத் தோன்றியிருக்கும் என்று என்னையே கேட்டார். பக்கெட் தண்ணீரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. முடி மன்னிக்கப்பட்டது. லட்டு மன்னிக்கப்படவில்லை. அடுத்த முறை இரண்டாக வாங்கி வர வேண்டும் என்று அபராதம் விதித்தார்.

எங்கள் நிறுத்தத்தில் நைனா எழுந்தார், உடம்பு எழுந்தது, தலை எழவில்லை. பக்கத்தில் இருந்த கனத்த ஆள் சடைமேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நைனா கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். ஜாத்திரை சமயமானதால் அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, கழற்று என்றார். நான் ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவினேன். பிடரி முழுக்க வேர்க்குரு. பூவின் ஈரமும் வேர்வையுமாகச் சடை ஈரத்துணி கனம் கனத்தது. கழற்றி அவர் மடியில் வைத்தேன். பிடரியைத் தேய்த்துக்கொண்டே அதை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்தார்.

"இத்த வெச்சிக்கினா நீ மிஷின்ல குந்திக்கினு இருந்த?"

ஆமாம் என்றேன். ஒரு பக்கெட் தண்ணீர், நுரை, மூக்கைச் சுளித்த பெண், எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக எருமை நடுவில் இல்லாமல் சொன்னேன். அவர், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டார். எட்டரை என்றேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸைப் பிடி என்றார். பிறகு சடையைச் சுருட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இது இங்கயே கெடக்கட்டும்மே. எவனாச்சும் கேட்டா, எம் பொண்ணு சடை ஊட்லதான் இருக்குதுன்னு சொல்லிக்கிறேன்."

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், எலி நுழையாதபடி எவர்சில்வர் டப்பாவுக்குள் அதைச் சுருட்டிவைத்து, இரண்டு பூச்சி உருண்டை போட்டு மூடினேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு லட்டு இல்லாமல் நான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. என் முடி மறுபடி இடுப்பைப் பார்க்கவில்லை. அந்தச் சடையும் மெட்ராஸைப் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், நைனாவின் கால் ஓயும்வரை, அவரோடு திருப்பதிக்குப் போய்வந்துகொண்டிருந்தது.